ஒரே நாளில் வற்றிய ஏரி

கதையில் வந்த ஏரி ஒரே நாளில் எப்படி வற்றியது என்று எனக்குப் பிடிபடவில்லை.

திண்டிவனத்துக்கு மேற்கே எங்கள் ஊர்ப் படிப்பகத்தில், 1966 ஐப்பசியில், கட்சிக் கிளைச் செயலாளர் தேவநாதன் தினம் சாயங்காலம் ஒரு நாவலை உரக்கப் படிப்பார். அப்போது எழுத்துத் தெரியாத நாங்கள் இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அடைமழைக் காலத்துக் கதை. அரிசிப் பஞ்சம், ரேஷன் வரிசை, வரப்போகும் தேர்தல் எல்லாம் அதில் இருந்தன. ஆளுங்கட்சியைத் திட்டும் இடங்களை இரண்டு தரம் படிப்பார். வெள்ளிக்கிழமை படித்த பகுதியில் ஏரி நிரம்பி, மிகுநீர் வெளியேறும் கலங்கலில் வழிந்தது. சனிக்கிழமை படித்ததில், கதைப்படி மறுநாள் காலை, ஜனங்கள் ஏரிச் சேற்றில் மீன் பிடித்தார்கள்.

நான் எங்கள் ஏரியின் மதகையும் கரையையும் காவல் பார்த்தவன். மதகு என்பது கரைக்கு அடியில் போகும் கல் வாய்க்கால். கட்டையைத் தூக்கினால் பானை வாய் அளவுத் துளையில்தான் தண்ணீர் வரும். நிரம்பிய ஏரி அந்த வழியில் வடிய மூன்று மாதம் பிடிக்கும். கலங்கலோ மிஞ்சியதை மட்டும் தள்ளும்.

கேட்டுவிட்டேன். "எப்டிண்ணே ஒரே நாள்ல வத்திச்சு?"

"ஒன்ன மாதிரி ஒருத்தன் மதகத் தொறந்து வுட்டுட்டுத் தூங்கியிருப்பான், நடராசா."

எல்லாரும் சிரித்தார்கள். போன வருஷம் எங்கள் ஏரி உடைந்தபோது, நான் காவலில் தூங்கிவிட்டேன் என்று பஞ்சாயத்தில் சொன்னவர் அவர்தான். என் வேலை போயிற்று. ஊருக்கு நான் தூங்குமூஞ்சி ஆனேன்.

என் மனைவி கிருஷ்ணவேணி ஐந்தாவது வரை படித்தவள். மறுநாள் காலை, தேவநாதன் இல்லாத நேரத்தில், படிப்பக நோட்டில் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். புரட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"இன்னாய்யா இது? நூத்திப் பதினொண்ணத் திருப்புனா நூத்தி இருவத்திரெண்டு வருது!"

ஆறு தாள்கள் ஓரத்தில் ஒட்டியிருந்தன. முகர்ந்தேன்; தேர்தல் நோட்டீஸ் ஒட்டும் மாவுப் பசை. கிழித்தால் தெரிந்துவிடும் என்று தேவநாதன் ஒட்டியிருக்கிறார். மாவுப் பசை ஆவியில் இளகும். கொதிக்கும் கூழ்ப் பானைமேல் ஓரத்தைக் காட்டி, துடைப்பக் குச்சியை நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவள் படித்தாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.

"போலீசுக்குப் போலாமா?" என்றாள்.

"வேணாம். அவரு படிச்ச எடத்துலயே நீ படி."

சாயங்காலம் அவள் உள்ளே நுழைந்ததும் தேவநாதன் முறைத்தார்.

"பொம்பளைக்கி இங்க இன்னாம்மா வேல?"

"நீங்க வுட்டுப்புட்ட எடத்தப் படிக்க வந்தேங்க."

புத்தகத்தைப் பார்த்தவர் சட்டென்று எழுந்தார். நான் வாசலை மறித்து நின்றேன். "ஒக்காருங்கண்ணே. முழுசும் கேட்டுட்டுப் போங்க."

மறைந்திருந்த பத்துப் பக்கமும் படித்தாள். யாரும் சிரிக்கவில்லை. உடைப்பில் நெல் முழுதும் பறிகொடுத்த பாண்டுரங்கன், தேவநாதனையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் ஏரிக்குள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தவர் எங்கள் ஊரில் தேவநாதன் ஒருவர்தான்.

அந்தப் பக்கங்களில் இருந்தது இதுதான்: ஏரி நிரம்பியதும் தண்ணீர் மேலே ஏறி, நீர்ப்பிடிப்புக்குள் பயிர் வைத்தவனின் மல்லாட்டையை மூழ்கடிக்கத் தொடங்கியது. அதனால் அவன் கரையை மண்வெட்டியால் ஒரு முழம் வெட்டினான். மீதிக் கரையைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போயிற்று. ஏரி ஒரே நாளில் வற்றியது அப்படித்தான்.