ஐயாவு கழற்றிப் பூட்டிய சைக்கிள்

1975ஆம் ஆண்டு இலங்கையின் மொரதென்னத் தோட்டத்தில், ரப்பர் பால் வெட்டும் ஐயாவுவின் சைக்கிள் எதிரே வந்தால் மனிதர்களின் தலை தானாகக் குனிந்தது. பாண் ரொட்டிக்கும் சீனிக்கும் அல்லாடிய காலம் என்பதால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. சைக்கிள் முன்பு வெள்ளைக்காரத் துரையுடையது. நெடும்பயணத்துக்கென்றே சீமையில் செய்து, கப்பலில் வந்தது. துரை அதில் மலை சுற்றும்போது லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் பாதையை விட்டு இறங்கி, தோள்துண்டைக் கையில் எடுத்து, குனிந்து நிற்பார்கள். இருபது வருட வணக்கம் இரும்புக்குள் ஊறிவிட்டிருந்தது. அரசாங்கம் தோட்டத்தை எடுத்ததும் துரை ஊருக்குக் கப்பலேறினார். துருப்பிடித்ததை எதற்குச் சுமப்பது என்று சைக்கிளை ஐயாவுவின் தலையில் கட்டிவிட்டார்.

ஐயாவு அதை வாங்கிக்கொண்டது மகள் தங்கம்மாவுக்காக. தோட்டப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. மேலே படிக்க புளத்கொகுபிட்டியவுக்குப் போகவேண்டும், பஸ் கிடையாது. போகாவிட்டால் தோட்டத்துக் கூலியாகப் பேர் பதிந்து மலையில் வேலைக்கு இறங்கவேண்டியதுதான். முதல் நாள் அவள் ஏறி மிதித்தபோது மேல் லயமே குனிந்தது. கங்காணி குனிந்தார். பூசாரி கற்பூரத் தட்டோடு குனிந்து புருவத்தைப் பொசுக்கிக்கொண்டார். வழியனுப்ப வாசலில் நின்ற சின்னம்மா, பெற்ற தாய், அவளும் குனிந்தாள். தங்கம்மா சைக்கிளைப் போட்டுவிட்டு அழுதாள்.

"அம்மாவே எனக்குக் குனியிது. நா இதுல போகமாட்டேன்ப்பா."

"குனியவைக்கிற சாமான ஒண்ணுவிடாம கழட்டிர்றேன். நீ படிப்ப மட்டும் விட்றாத" என்றான் ஐயாவு. நெஞ்சு வெந்தவன் சொன்ன சொல், அதிலிருந்து அவன் அசையவில்லை. வேலை முடியும்வரை மகள் நடந்தே பள்ளிக்கூடம் போனாள். பாதி நாட்கள் முதல் பாடம் போய்விடும்.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத வருடங்கள் அவை. ரம்புக்கனையில் பழைய இரும்பு வாங்கும் கபூர் நானாவின் குவியலைக் கிளறித்தான் எல்லாம் எடுக்கவேண்டும். புதுச் செயினைப் பூட்டினால் தேய்ந்த பல்லில் வழுக்கியது. பல்சக்கரத்தையும் மாற்றினான், மேல் லயத்தார் நிமிர்ந்தார்கள். பிரேக் கட்டைகளைப் புகைபோட்ட ரப்பர் தகட்டில் வெட்டிச் செருகினான், பூசாரி நிமிர்ந்தார். சீட்டை மாற்றியதும் கங்காணி நிமிர்ந்தார், அவருக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. கழற்றிய சீட்டை வண்டியில் ஏற்றிய கபூர் நானாவின் மாடு ரம்புக்கனை வரைக்கும் தலையைத் தூக்காமலே போனது. ரிம், கம்பி, ஹாண்டில், பெடல் என்று இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்றைத் தவிர எல்லாம் மாறின. குனிகிறவளும் ஒருத்திதான் மிச்சம், சின்னம்மா. சட்டத்துக்கு மாற்று இலங்கை முழுக்கக் கிடைக்கவில்லை.

சைக்கிள் போகும்வரை உள்ளேயே இருந்துகொள் என்று சின்னம்மாவிடம் பலரும் சொன்னார்கள். மகள் பள்ளிக்கூடம் போகும்போது எந்தத் தாய் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பாள்? 1977இல் ஒரு காலை, சின்னம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஓரத்துல நின்னாத்தானே குனியணும்? புடிச்சிக்க புள்ள, நா பின்னால ஏறிக்கிறேன்."

கேரியரில் உட்கார்ந்தாள். தலை நிமிர்ந்தே இருந்தது. தங்கம்மா சிரித்துக்கொண்டே மிதித்தாள். ஆனால் சட்டத்தில் ஒரு வணக்கம் மிச்சமிருந்தது, அதற்கு ஆள் வேண்டியிருந்தது. ரப்பர் ஸ்டோர் பக்கத்து வளைவில், அந்த வாரம்தான் வந்திருந்த புது மேனேஜர் ஜீப்பை நிறுத்தி இறங்கி, பாதையை விட்டு ஒதுங்கிக் குனிந்தார். தொப்பி சேற்றில் விழுந்தது. "மொகத மே, மொகத மே" என்று, என்ன இது என்று, சிங்களத்தில் தன் கழுத்தையே கேட்டார்.

சின்னம்மா மரியாதை தெரியாதவள் அல்ல. "இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க" என்று கேரியரில் இருந்தபடியே தலையாட்டினாள். வளைவு தாண்டி இறங்கிப் பால் வெட்டப் போனாள். தங்கம்மா மணியடிக்கும் முன்பே வகுப்பில் இருந்தாள். அவள் படித்து முடிக்கும்வரை, பள்ளிக்கூட நாட்களில் மேனேஜர் சைக்கிளுக்குச் சற்று முன்பே அந்த வளைவுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு நிற்பார்.