டொராண்டோவுக்குப் பன்னிரண்டு மணி நேரம்

வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் ஊர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்பது அமிர்தத்தின் சட்டம். கடலூரோ கனடாவோ, சட்டம் ஒன்றுதான். அதனால் தங்கராசுவின் கூடம் முழுக்க வைக்கோல்.

பீங்கான் கடைக்காரர் அல்லவா, மகள் பூர்ணிமாவுக்கு ஊறுகாய் ஜாடி இரண்டைத் தம் கையாலேயே வைக்கோல் சுற்றிக் கட்டியிருந்தார். "அங்க வைக்கோலை உள்ள விடமாட்டாங்கப்பா" என்று அவள் கிளம்புகிற நேரத்தில் அத்தனையையும் பிரித்துப் போட்டு, ஜாடிகளைத் தன் சுடிதார்களில் சுற்றி எடுத்துப் போய்விட்டாள்.

"ஏன்டி, இது வூடா, மாட்டுக் கொட்டாயா?" காலில் ஒட்டியதைத் தட்டிக்கொண்டே கத்தினார்.

"புள்ள போய் எறங்கட்டும், கூட்டுறேன்."

"அதான் பதினோரு மணிக்கு எறங்கிடுவாளே!"

கணக்கு அவருடையது. மேல்படிப்புக்கு டொராண்டோ என்றதும் ஒரு மாதம் மகளிடம் பேசாமல் முறுக்கிக்கொண்டு திரிந்த மனிதர், டிக்கெட்டைப் பார்த்ததும் குளிர்ந்துபோனார். சென்னையில் ராத்திரி பதினொன்றுக்கு ஏறினால், மறுநாள் காலை பதினொன்றுக்கு அங்கே. விரல்விட்டு எண்ணினார். பன்னிரண்டு மணி நேரம்! "பஸ்ஸுல ஏறித் தூங்கி எந்திரிச்சா கன்னியாகுமரி. அவ்ளோதானே?" என்று பக்கத்து ஊர் மங்கலம்பேட்டை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பதினொன்று ஆனது. போன் வரவில்லை. டிவியில் செய்தி போட்டுப் பார்த்தார். விமானத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, அதற்கும் பயந்தார். மத்தியானம் பிசைந்த சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கொளஞ்சியப்பர் கோயிலுக்கு. அந்த விமானக் கம்பெனி மேல சாமிகிட்ட சீட்டெழுதிப் பிராது கட்டப் போறேன்!"

அமிர்தத்துக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "உக்காருங்க. புள்ள எறங்க நமக்கு ராத்திரி எட்டரை ஆவும். அவங்க கடியாரம் நமக்குப் பின்னால ஓடுது. டிக்கெட் வந்த அன்னிக்கே அவ எங்கிட்ட சொல்லிட்டா."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"ஒரு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் நீங்க சிரிச்சீங்க. அதைக் கெடுக்க எங்க ரெண்டு பேருக்கும் மனசு வரல."

தங்கராசு சட்டையைக் கழற்றினார். "ஆத்தாளும் மவளும் நல்லா கூட்டு சேந்தீங்க. சோத்தப் போடு."

எட்டரைக்கு மேல் போன் அடித்தது. "அப்பா, எறங்கிட்டேன்."

தங்கராசு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "ஜாடி உடையலியே?"

"உடையலப்பா. இவ்ளோ நேரம்னு தெரிஞ்சிருந்தா அனுப்பியிருப்பீங்களா?"

"அனுப்பியிருப்பேன்... நானும் கூடவே ஏறியிருப்பேன்."

அமிர்தம் துடைப்பத்தோடு வந்தாள். மகள் பிரித்துப்போட்ட வைக்கோல், அவள் உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் விட்டு, சுற்றிலும் கிடந்தது. தங்கராசு துடைப்பத்தை வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தினார்.

"வெளக்கு வச்சப்பறம் வூடு கூட்டக் கூடாதுடி. காலையில பாத்துக்கலாம்."