வேல்குமாரின் பாக்கி வேலை

புது வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதமாகியும் தேவிப்பிரியா தரையில் உட்கார்ந்துதான் சமைத்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் மேடைக்காகக் கட்டிய இரண்டு குட்டைச் சுவர்கள் மட்டும் இடுப்பளவுக்கு நின்றன. மேலே போட வேண்டிய கல் வரவே இல்லை. குளியலறையில் ஒரு பக்கம் டைல்ஸ் ஒட்டியிருந்தது, மற்ற மூன்று பக்கமும் வெறும் செங்கல். மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. வாசலில் தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லாததால் ஒரு பழைய கதவைப் போட்டு, அதன்மேல் நாலு சிமெண்ட் கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். ஐந்து வயது மகள் தேஜஸ்ரீ எந்த நேரம் எங்கே ஓடுவாளோ என்று அவள் கணவன் ராசப்பனுக்குக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கதவு ஞாபகத்திலேயே இருக்கும்.

முடியாத வீட்டுக்கு ஆசைப்பட்டு அவர்கள் வரவில்லை. மண்ணரையில் லைன் வீட்டு வாடகையும் பாங்கிக் கடன் தவணையும் சேர்ந்து கழுத்தைப் பிடித்தன. தை மாதத்தில் பாலைக் காய்ச்சிவிட்டுப் பாத்திரம் பண்டங்களோடு வந்துவிட்டார்கள். "ரெண்டே வாரம், முடிச்சுக் குடுத்தர்றேன்" என்று சொன்ன காண்ட்ராக்டர் வேல்குமார், அதற்குப் பிறகு போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டான்.

வேல்குமார் வெறும் காண்ட்ராக்டராக இருந்திருந்தால் தேவிப்பிரியா என்றைக்கோ அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாள். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் அவள். அவளுடைய மேஜையைத் தாண்டி ஒரு ஓட்டை பனியன் வெளியே போனதில்லை. தையல்காரர்கள் அவள் வருவதைப் பார்த்தாலே முதுகை நிமிர்த்துவார்கள். ஆனால் ராசப்பனும் அவளும் இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்ட அன்று, சாட்சிக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் நின்றபோது, கட்டட வேலையிலிருந்து கை கால் சிமெண்ட்டோடு ஓடி வந்தவன் வேல்குமார். ராசப்பனுக்குச் சொந்த ஊரான கொமரலிங்கத்தில் பக்கத்துத் தெரு, இரண்டு வயது மூத்தவன். அன்றிலிருந்து அவளுக்கு அவன் அண்ணன். அதனால்தான் வீட்டு வேலை பேசும்போது பதிமூன்று லட்சம் என்று வாய்வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்கள். பத்திரம் எழுதலாமா என்று கேட்கவே இருவருக்கும் கூச்சமாக இருந்தது.

அந்தக் கூச்சத்தின் விலை பங்குனியில் தெரிந்தது. ஒரு நாள் வேல்குமார் தானாகவே போன் செய்து, வேலை கூடுதலாகிவிட்டது, பேசியதற்கு மேல் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆகும், முதலில் ஒரு லட்சம் கொடுத்தால் ஆளை இறக்குகிறேன் என்றான். தேவிப்பிரியா, "வேலைய முடிங்ணா, அப்பறம் பேசிக்கலாம்" என்றாள். "காசில்லாம எப்படி அம்மிணி முடிக்கறது?" என்றான் அவன். பிறகு இரண்டு பக்கமும் பேச்சு நின்றுபோனது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கம்பெனியிலிருந்து வரும்போது கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ரோலை எடுத்தாள். துணியில் ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தைக் காட்ட ஒட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர்.

"காசு குடுத்து வாங்குனதுதான், பயப்படாதீங்க" என்றாள் ராசப்பனைப் பார்த்து. "வர ஞாயித்துக்கெழம வேலுண்ணனை வரச் சொல்லியிருக்கறேன். வர்றேன்னு மெசேஜு போட்டுட்டாரு. ஒக்காந்து பேசி இதுக்கு ஒரு முடிவு கட்டோணும்."

சொல்லிவிட்டு வீடு முழுக்க ஒட்ட ஆரம்பித்தாள். சமையல் மேடை, குளியலறை, ஒயர் நீட்டிக்கொண்டிருந்த சுவிட்ச் பெட்டிகள், மாடிப்படி, தொட்டி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். மொத்தம் நாற்பத்தொன்று. பிறகு நோட்டை எடுத்து, வேல்குமாருக்குக் கொடுத்த ஒவ்வொரு தொகையையும் தேதியோடு எழுதிக் கூட்டினாள். பதினொரு லட்சத்து எண்பதாயிரம்.

ராசப்பன் அந்தக் கூட்டலை ஒருதரம் பார்த்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். ஏனென்றால் அது தப்பு என்று அவனுக்குத் தெரியும்.

தீபாவளி முடிந்த வாரம், டீ நேரத்தில் வேல்குமார் ராசப்பனுடைய கம்பெனி கேட்டுக்கு வந்து நின்றிருந்தான். கொத்தனார்களுக்கு இரண்டு வாரக் கூலி நின்றுபோயிருந்தது. பீகார்க்காரர்கள் மூன்று பேர் ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். அவன் நேராகக் கேட்கக்கூட இல்லை. டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். ராசப்பன் போனஸ் பணத்திலிருந்து இருபதாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டான். வீட்டில் வந்து, ஆர்டர் கேன்சலாகிவிட்டது, முதலாளி இந்த வருடம் போனஸைக் குறைத்துவிட்டார் என்றான். அந்த ஒரு பொய்யை அதற்குப் பிறகு அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தேவிப்பிரியாவோ பருப்பு விலை ஏறினால்கூட அவனுடைய முதலாளியைத்தான் வைவாள்.

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வேல்குமார் வீட்டுக்குப் போனான். அந்த இருபதாயிரத்தைப் பற்றி அவள் முன்னால் பேச வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பதிலாகத் தனியாக எப்படியாவது கணக்கைச் சரி செய்துகொள்ளலாம். ஆனால் வேல்குமார் வீட்டில் இல்லை. அவன் மனைவி தமிழ்மதிதான் கதவைத் திறந்தாள்.

"போனை அமத்தி வெச்சிருக்கறாருங்க. கம்பிக்கடைக்காரரு, சிமெண்ட் கடைக்காரரு, மாத்தி மாத்திக் கூப்புடறாங்க" என்றாள். அவள் முகம் கறுத்திருந்தது. "உங்க ஊட்டு வேலைய நெனைச்சு நெம்பச் சங்கட்டப்படறாருங்க. எங்கிட்டயே ஒண்ணுஞ் சொல்றதில்ல."

அவளிடம் அந்த இருபதாயிரத்தைப் பற்றிச் சொல்ல ராசப்பனுக்கு மனம் வரவில்லை. அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேல்குமார் வந்தான். உள்ளே காலை வைத்தவன் அப்படியே நின்றான்.

"என்ன அம்மிணி இது, ஊடு பூரா பொட்டு வெச்ச மாதிரி?"

"எங்க கம்பெனில இது ஒட்டுன பீஸு வெளிய போகாதுங்ணா."

அவன் முகம் சிவந்தது. "அப்ப என்ற வேலை அத்தனையும் கொறைங்கற?"

"செஞ்ச வேலையில ஒண்ணுகூட ஒட்டலீங். நீங்களே பாருங்க. செய்யாம உட்ட எடத்துல மட்டுந்தான் ஒட்டியிருக்கறேன்."

வேல்குமார் ஒவ்வோர் அறையாகப் போனான். ராசப்பனும் பின்னாலேயே போனான். அவள் சொன்னது நிஜம். பூசி முடித்த சுவரில், பதித்த தரையில், ஒட்டி முடித்த அந்த ஒரு பக்க டைல்ஸில் ஒரு ஸ்டிக்கரும் இல்லை. வேல்குமார் அந்த டைல்ஸின் இணைப்பில் விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினான். திரும்பி வந்து நாற்காலியில் உட்காரும்போது குரல் இறங்கியிருந்தது.

"செரி, கணக்கச் சொல்லு அம்மிணி."

தேவிப்பிரியா டீயை வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். ராசப்பன் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேசுனது பதிமூணு லச்சம். இதுவரைக்கும் குடுத்தது பதினொண்ணு எம்பது."

"இல்லியே. பன்னண்டு."

"பதினொண்ணு எம்பதுங்ணா. மூணு தடவ கூட்டிட்டேன்."

வேல்குமார் சட்டைப் பையிலிருந்து ஒரு மடங்கிய குட்டி டைரியை எடுத்துப் புரட்டினான். "பன்னண்டு அம்மிணி. தீவாளி முடிஞ்சு ராசு இருபதாயிரம் குடுத்தானே, அத உட்டுட்ட பாரு. சேத்து எழுது."

தேவிப்பிரியா மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க கம்பெனில போனஸு கொறச்சுட்டாங்கன்னீங்க?"

"ம்."

"கொறச்சாங்களா?"

"இல்ல."

"அந்த மனுசனை நான் எத்தனை நாளு வஞ்சிருப்பேன்! அவரு ஊட்டு நாய் செத்ததுக்குக்கூடப் பாவம்னு நெனைக்கலியே!"

வேல்குமார் டைரியை மூடினான். "அடக் கடவுளே. உனக்குத் தெரியாதா? தெரியும்னுல்ல நெனைச்சேன்!"

தேவிப்பிரியா எழுந்தாள். குட்டைச் சுவர்மேல் கிடந்த ரோலிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறியை உரித்து, ராசப்பனின் சட்டைப் பைக்கு நேராக ஒட்டி அழுத்தினாள். முதலில் சிரித்தது வேல்குமார்தான். அடக்கப் பார்த்து முடியாமல், டீ புரையேறிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். தேஜஸ்ரீ எதற்கென்று தெரியாமலேயே கூடச் சேர்ந்துகொண்டாள். தேவிப்பிரியா சிரிக்கவில்லை. ஆனால் திரும்பி நோட்டில் இருபதாயிரத்தை எழுதிக் கூட்டியபோது, அவள் சிரிப்பை அடக்க உதட்டோரத்தை இழுத்துப் பிடித்திருந்ததை ராசப்பன் பார்த்தான். அவனுக்குப் பாதி உயிர் வந்தது.

அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி போனது. தன் கணக்கில் இல்லாத இருபதாயிரத்தைத் தானே எழுதச் சொன்ன மனிதனிடம் அவளால் பழைய கறாரோடு பேச முடியவில்லை. அதற்காகக் கேட்டதையெல்லாம் கொடுக்கவும் அவள் தயாராக இல்லை.

"ஒரு லச்சத்து நாப்பதாயிரம் எச்சுன்னீங்களே, எதுக்கெதுக்குன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

வேல்குமார் அளவு டேப்பை எடுத்தான். மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று தரையை ஒன்றரை அடி உயர்த்தச் சொன்னது அவள்தான். அந்த மண்ணும் கல்லும் கூடுதல் என்பதை ஒப்புக்கொண்டாள். தொட்டியைப் பெரிதாகத் தோண்டச் சொன்னது ராசப்பன். அளந்து பார்த்தார்கள், சரியாக இருந்தது. பரண் மட்டும் முதலில் பேசிய பதிமூன்றுக்குள் வருவது என்று அவள் சொன்னாள். வேல்குமார் டைரியைப் புரட்டிப் பார்த்து, ஆமாம் என்றான். சிமெண்ட் விலை ஏறியதற்கு என்று போட்டிருந்ததை அவள் கேட்பதற்கு முன் அவனே அடித்துவிட்டான். கடைசியில் கூடுதல் அறுபத்தைந்தாயிரத்தில் நின்றது.

"பாக்கி ஒரு லச்சம், இது அறுவத்தஞ்சு. காசு இருக்குதுங்ணா, லோன்ல கடைசியா எடுக்க வேண்டிய பணம் இன்னும் பாங்கிலதான் கெடக்குது. ஆனா மொத்தமாத் தரமாட்டேன். எங்க பீஸ் ரேட்டு மாதிரிதான், முடிச்ச பீஸுக்குத்தான் காசு. நாலு பங்காப் பிரிச்சுக்கலாம். கல்லுக்கும் டைல்ஸுக்கும் கடைக்கு நானே கட்டிட்டு உங்க பங்குல கழிச்சுக்கறேன். ஒரு வேலை முடிஞ்சு ஸ்டிக்கர் எடுத்தா ஒரு பங்குக் காசு அன்னைக்கே உங்க கையில."

வேல்குமார் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தான். "நீ இப்படிக் கேக்கறது தப்பில்ல அம்மிணி. நாந்தான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தி, பிறகு சொன்னான். உடுமலைப் பக்கம் கோழிப்பண்ணைக்காரர் ஒருவருக்கு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தான். அவர் நாலு லட்சம் நிறுத்திவிட்டார். அங்கே வேலை நின்றுவிடக்கூடாது என்று இவர்கள் கொடுத்த பணத்தில் வாங்க வேண்டிய கல்லையும் டைல்ஸையும் வாங்காமல், அங்கே கூலி கொடுத்துவிட்டான்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னுங்ணா?"

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது? பெரிய எடம்னு அங்க ஓடுனேன். சின்ன ஊடுதானே, ராசுதானே, பொறுத்துக்குவான்னு நெனைச்சுட்டேன்."

தேவிப்பிரியா நோட்டை மூடினாள். சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "சாப்புட்டுத்தான் போகோணும்" என்றாள். அவள் குனிந்து, கையை எட்டி எட்டி ஒவ்வொரு டப்பாவாக எடுப்பதை வேல்குமார் பார்த்துக்கொண்டே இருந்தான். "சமையல் மேடையத்தான் மொதல்ல முடிக்கோணும்" என்று ராசப்பனிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

மறுநாளே வந்தான். ஆள் வைக்கப் பணமில்லாததால் பல வருடங்களுக்குப் பிறகு அவனே கரண்டியைப் பிடித்தான். முதலில் கறுப்புக் கல் போட்டு மேடை முடிந்தது. தேவிப்பிரியா அதன் விளிம்பைத் தடவிப் பார்த்து, ஒரு மூலையில் பிசிறு இருக்கிறது என்றாள். அதையும் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் பணத்தை வாங்கினான். அடுத்து தொட்டி மூடியும் மாடிப்படிக் கைப்பிடியும். பிறகு குளியலறை. ஞாயிற்றுக்கிழமைகளில் ராசப்பன் கையாளாக நின்று கலவை போட்டான், டைல்ஸ் தூக்கினான். தமிழ்மதி ஒரு தரம் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தபோது, இரண்டு பெண்களும் மொட்டைமாடியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று ஆண்கள் இருவருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த வாரம் வேல்குமாரோடு தமிழ்மதியும் உடுமலைக்குப் போய்ப் பண்ணைக்காரரிடம் நேரில் கேட்டு, பாதிப் பணம் வாங்கி வந்தாள் என்று கேள்வி.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வேலை முடிந்தது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் வெளிப்பூச்சு மட்டும் நின்றது. மழை ஓய்ந்ததும் செய்து தருகிறேன் என்றான் வேல்குமார். தேவிப்பிரியா கடைசிப் பங்கில் ஐயாயிரத்தை மட்டும் நிறுத்திக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தாள். அவன் எண்ணாமலேயே பையில் வைத்துக்கொண்டான்.

ராசப்பனுக்குத்தான் புதுத் தொந்தரவு. நாலு ஞாயிறு சிமெண்ட் கலந்ததில் விரல் நுனியெல்லாம் வெடித்துச் சொரசொரப்பாகிவிட்டது. மெஷினில் பனியன் துணியைத் தள்ளும்போது நூல் விரலில் மாட்டி இழுத்தது. ஒரு நாள் தையல் கோணிப்போய்ப் பத்துப் பீஸ் ஆல்டரேஷனுக்குத் திரும்பி வந்தது.

அன்று பொழுதோடு தேவிப்பிரியா அவனைச் சமையல் மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயைச் சுட வைத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டாள்.

"எரியுதுங்களா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"எரியுது."

அவள் கொஞ்சம் மெதுவாகத் தேய்த்தாள். "இனிமே யாருக்குக் குடுக்கறதா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லீட்டுக் குடுங்க. வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"சொல்லமாட்டியா?"

தேவிப்பிரியா யோசித்தாள். "சொல்லுவேன்" என்றாள். "சொன்னாலும் நீங்க குடுக்கத்தானே போறீங்க. அந்தக் கையைக் குடுங்க."

ராசப்பன் அடுத்த கையை நீட்டினான்.