திரையின் நடுவே ஓர் அழுக்கு

“இதுலயும் நடுவுல அழுக்கா இருக்குடி. துடைக்கச் சொல்லு.”

“இப்பத்தானம்மா துடைச்சாரு. உன் கண்ணு முன்னாடிதான துடைச்சாரு.”

“என்னத்தத் துடைச்சாரு? சமோசா தின்ன கையால தேச்சிருப்பாரு. பையா, ஏக் பார் ஔர் சாஃப் கரோ.”

கடைக்காரர் அலுத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மறுபடி தேய்த்து, “லீஜியே ஆன்ட்டிஜி” என்று நீட்டினார். இன்பராணி வாங்கி, முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, சாவித்துவாரம் வழியாக எட்டிப் பார்ப்பவள் போல அதைப் பார்த்தாள்.

அந்தச் சாய்வு ரூபிக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

கரோல் பாக் மெட்ரோ தூண்களை ஒட்டிய சின்னக் கடை அது. மேசை மீது வரிசையாக வைத்திருந்த எல்லா போன்களிலும் ஒரே பனிமலை. ஏழெட்டு மலைகளில் ஒரே நேரத்தில் விடிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு திரையிலும் பனியின் நிறம் கொஞ்சம் வேறு. ஒன்றில் பால், ஒன்றில் நீலம், விலை குறைந்த ஒன்றில் பழைய சுவரின் வெள்ளை. ஒரு வாரமாக ரூபி வீடியோ பார்த்து ஒப்பிட்டு வைத்திருந்தது இதைத்தான். எதில் கறுப்பு உண்மையான கறுப்பு, எது வெயிலில் தெரியும், எது அம்மாவின் நர்ஸ் யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்கும், எது கையிலிருந்து வழுக்கும்.

எல்லாம் அம்மாவின் பழைய போனால் வந்தது. திரை கெட்டுவிட்டது, எழுத்து நடுவில் கரைந்து போகிறது என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரூபி வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் கரையவில்லை. “உங்கிட்ட வந்தா மட்டும் ஒழுங்கா இருக்கும், ஒங்கப்பா மாதிரி” என்றாள் அம்மா. அப்பா இருதயசாமி சிரித்துவிட்டு, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

“இந்த வளைஞ்ச மாடல் எனக்கு வேணாம்” என்றாள் இன்பராணி. “ஓரமெல்லாம் நெளிஞ்சு கெடக்கு.”

“எது?”

“கையில இருக்குறதுதான்.”

ரூபி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஓரங்கள் அளவுகோல் வைத்து வெட்டியது போல நேராக இருந்தன. அந்தக் கடையில் வளைவே இல்லாத போன் அது ஒன்றுதான். கடைக்காரரும் பார்த்தார்.

“சரி, மலையைப் பாத்து என்ன பண்றது” என்றாள் ரூபி. குரல் தேவைக்கு மேல் உற்சாகமாக ஒலித்தது. “நீ படிக்கப் போறதை வெச்சே பாத்துரலாம்.”

வருகிற ஞாயிறு தமிழ்த் திருப்பலி. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் நடப்பது. முதல் வாசகம் இன்பராணியுடையது. அவள் வாசித்தால் பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். அன்றன்றைய வாசகங்கள் போடும் ஓர் இணையதளம் உண்டு. ரூபி அதைச் சின்னத் திரை போனில் திறந்து, ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டு, அம்மாவிடம் கொடுத்தாள்.

இன்பராணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு வாசித்தாள். தடங்கல் இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி, கோயிலில் நிற்பது போலவே. பக்கத்தில் கவர் மாட்டிக்கொண்டிருந்த ஒரு சர்தார்ஜி திரும்பிப் பார்த்தார். ரூபியின் நெஞ்சில் எதுவோ தளர்ந்தது. சும்மா பயந்திருக்கிறோம். இவ்வளவு சின்ன எழுத்தையே படிக்கிறவளுக்கு என்ன வந்துவிடப்போகிறது?

“அச்சா, இப்ப பெருசுல பாரு.”

பெரிய போன் கிட்டத்தட்ட ஏழு இன்ச். கடைக்காரர் அதன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, கேமரா மேடு மேசையில் தட்டாமலிருக்கக் கவர் இலவசம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தலையாட்டியபடியே ரூபி அதே பக்கத்தைத் திறந்து அம்மாவிடம் நீட்டினாள்.

இன்பராணி வாசித்தாள். அதே ஏற்றம், அதே இறக்கம். “ஆ, இது எவ்ளோ நல்லா தெரியுது! இதையே எடுத்துரலாம்டி.”

ரூபி எட்டிப் பார்த்தாள்.

அந்த போனின் மொழி இந்தியில் இருந்தது. இணையதளமும் அதைப் பார்த்து இந்தியிலேயே திறந்திருந்தது. கொடியில் காயப்போட்ட துணிகள் போல மேல்கோட்டில் தொங்கும் எழுத்துகள், மேலிருந்து கீழ்வரை. ஒரு தமிழ் எழுத்துகூட அதில் இல்லை.

கடையின் இரைச்சல் எங்கோ தூரம் போனது. அடுக்களையில் அம்மா வெங்காயம் நறுக்க, அப்பா மேசைமுன் உட்கார்ந்து அதே வாசகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டிய மாலைகள் ரூபிக்கு நினைவு வந்தன. பக்தி என்று நினைத்திருந்தாள்.

“அம்மா” என்றாள் மெதுவாக. “அது இந்தி.”

இன்பராணி நிமிரவில்லை. கட்டைவிரல் திரையின் நடுவைத் துடைத்தது, ஒருமுறை, இன்னொருமுறை.

“இந்திதான். எனக்குத் தெரியாதா? பாத்துப் பாத்துத் தமிழ்ல சொன்னேன்.”

“இந்தியில கடைப் போர்டைக்கூட எழுத்துக் கூட்டித்தானம்மா படிப்ப நீ.”

“சரி வா. டூட்டிக்கு நேரமாச்சு.”

போனை மேசைமேல் வைத்தாள். வைத்த இடம் விளிம்பு. கடைக்காரர் பாய்ந்து பிடித்தார். “கோயி பாத் நஹீ, ஆன்ட்டிஜி” என்று பரவாயில்லை சொன்னார், மிகவும் மரியாதையாக.

மெட்ரோ படிகளில் இன்பராணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். எப்போதிலிருந்து பிடிக்கிறாள்? ரூபிக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் மதியக் கூட்டம் குறைவு. இருவரும் தூணோரம் நின்றார்கள்.

“ஊசி மருந்து லேபிள் எப்படிம்மா படிக்கிற?”

இன்பராணி வேலை பார்ப்பது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் ஐ.சி.யூ.வில். அங்கே ஒரு சொட்டு கூடினாலும் பெரிய விஷயம் என்று அவளே வீட்டில் சொல்வாள்.

“ஓரக்கண்ணால பாத்தா தெரியும். நடுவுலதான் புகையா இருக்கு. அதுவும் களைப்புல.”

“அம்மா.”

“ஒண்ணும் ஆகாதுடி. பெரிய மருந்துன்னா ரெண்டு பேர் பாக்கணும், அதான் ரூல். ஒருத்தி எடுப்பா, ஒருத்தி சத்தமா படிச்சு சரிபார்ப்பா. ப்ரீதா இருக்கா. நான் எடுக்கறதை அவ படிச்சுருவா.”

“ப்ரீதா அக்காவுக்குத் தெரியுமா?”

“கண்ணாடி மாத்தணும்னு சொல்லியிருக்கேன்.”

“இன்னைக்கும் அவங்கதானா?”

இன்பராணி தண்டவாளத்தைப் பார்த்தாள், அல்லது தண்டவாளம் இருக்கும் பக்கத்தை. “ப்ரீதா இன்னைக்கு லீவு. ஒரு புதுப் பொண்ணு. நல்ல பொண்ணு. சிஸ்டர் நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்னு படிக்காமலே கையெழுத்துப் போட்டுருவா. எவ்ளோ மரியாதை பாரு.”

சொல்லி முடித்தபிறகு, தான் சொன்னது என்ன என்று அவளுக்கே கேட்டது போலிருந்தது. பல வருடங்களாகப் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பிடித்துத் தூக்கிய கைகள் பையின் வாரை முறுக்கின.

“கண்ணைக் காட்டினா வேலையை விட்டு நிறுத்திருவாங்க ரூபி. வார்டை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?”

மேம்பாலத் தண்டவாளத்தில் முதலில் ரயிலின் சத்தம் வந்தது, பிறகு முகப்பு வெளிச்சம். ரூபி அம்மாவின் பையிலிருந்து பழைய போனை எடுத்தாள். கெடாத, எந்தக் குறையும் இல்லாத திரை. வார்டு இன்சார்ஜின் பெயரைத் தேடி எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். ரயில் நின்றது. கதவுகள் திறந்தன.

“இன்னைக்குப் போகாதம்மா. பச்சைப் பட்டனைத் தொட்டாப் போதும். நீயே அவங்ககிட்ட சொல்லிரு, ப்ளீஸ்.”