அழைத்து வந்த சிள்வண்டு

1

இந்தக் கதை ஒரு வினைச்சொல்லிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சீனாவின் சூஜோ நகரில் நான் குடியிருக்கும் சந்து முழுக்க ஜேட்* கடைகள். என் மாடி அறைக்குக் கீழே பெய்லிங்கின் கடை. கடை என்றால் ஒரு மேசை, இரண்டு முக்காலி, சுவர் நிறையக் கயிறு. மற்றவர்கள் செதுக்கி விற்கும் பதக்கங்களுக்குக் கயிறு பின்னித் தருவது அவள் தொழில். ஒருநாள் நான் படியிறங்கும்போது, “நேத்துதான் அழைச்சிட்டு வந்தேன்க்கா” என்றாள்.

“யாரு, ஊர்லேர்ந்தா? சாப்பிட்டாங்களா?”

அவள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை நாய் எழுந்து உட்கார்ந்தது. “இத்தன வருஷமா இந்தச் சந்துல இருக்கீங்க, இதுகூடத் தெரியலயே!” என்று மகளின் கழுத்தைக் காட்டினாள். சிவப்புக் கயிற்றில் வெள்ளை ஜேட்டில் செதுக்கிய ஒரு சிள்வண்டு தொங்கியது.

வேண்டுதலுக்கு அணியும் ஜேட்டை இங்கே “வாங்கினேன்” என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். அழைத்து வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை “அணை” என்று சொல்லாமல் “அமர்த்து” என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்கு உடனே புரிந்தது. புரிந்த பிறகுதான் பயமாக இருந்தது. அழைத்தால் வருவது யார்?

(குழந்தையின் உண்மையான செல்லப்பெயர் மாய்மாய். கோதுமை என்று பொருள். தமிழில் எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. இந்தக் கதையில் அவள் தாவ்தாவ்.)

* தமிழில் பச்சைக்கல் என்று எழுதலாம். ஆனால் இது வெள்ளையாக இருக்கிறதே, என்ன செய்வது? ஜேட் என்றே இருக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: “ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், ஹான் பேரரசின் காலத்தில், இறந்தவரின் வாயில் ஜேட் சிள்வண்டை வைத்துப் புதைத்தார்கள். மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடந்துவிட்டு மேலேறி வந்து பாடும் பூச்சி அல்லவா? இறந்தவரும் அப்படி எழுவார் என்று நம்பினார்கள். அரச குடும்பத்துப் பிணங்களுக்குத் தலைமுதல் கால்வரை ஜேட் தகடுகளைத் தங்கக் கம்பியால் தைத்து உடுத்தினார்கள். ஜேட் உடலை அழுகவிடாது என்று...”

அருங்காட்சியகத்துப் பலகை மாதிரி இருக்கிறது. விட்டுவிடுகிறேன். (உடல்கள் அழுகித்தான் போயின. தகடுகள் மிஞ்சின. இதை எங்கேயாவது சேர்க்க ஆசை.)

இரண்டாம் தொடக்கம்: “தாவ்தாவுக்கு நான்கு வயது. இதுவரை ஒரு சொல்கூடப் பேசியதில்லை.”

இது சரி. காது நன்றாகக் கேட்கிறது, நாக்கிலும் குறையில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். பேசமாட்டாள், அவ்வளவுதான். சந்துமுனை நூடுல்ஸ் கடை ஹான் வம்புக்கு இழுப்பான்.

“பெய்லிங், உன் பொண்ண என் கடையில உக்கார வை. குறை சொல்லாத கஸ்டமர் ஒருத்தராவது இருக்கட்டும்.”

“உன் சூப்பக் குடிச்சா பேசறவளும் ஊமையாயிடுவா, போடா.”

திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து முடிச்சை இறுக்குவாள். அவள் காத்திருந்தது ஒரே ஒரு சொல்லுக்கு. மகள் தன்னை அம்மா என்று கூப்பிட வேண்டும். வாய்மூடிக் கிடந்த பூச்சி ஒருநாள் கத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்பதால் இங்கே பிள்ளைகளுக்குச் சிள்வண்டு அணிவிப்பார்கள். அவளும் அணிவித்தாள்.

3

சில நாளில் தாவ்தாவ் பேசினாள். வெயில் கொளுத்திய ஒரு ஜூலை மத்தியானம். மரங்களில் நிஜச் சிள்வண்டுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. குழந்தை முக்காலியில் உட்கார்ந்தபடி, தெளிவாகச் சொன்னாள்:

“குளிருது.”

பெய்லிங் அழுதாள். ஹான் இலவசமாக ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தான். யாரும் அந்தச் சொல்லைப் பற்றி யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் தாடி வைத்த ஒரு ஜேட் நிபுணரைக் கொண்டுவந்திருந்தேன். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்து “ஐயோ!” என்பதாக இருந்தது. கதைக்கு வசதியாக வந்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிற ஆளை எனக்கே நம்ப முடியவில்லை. தாடியோடு சேர்த்து அடித்துவிட்டேன். நடந்தது வேறு. சிள்வண்டின் தலையில் இருந்த துளையைப் பார்த்து நான்தான் ஆரம்பித்தேன்.

“பெய்லிங், இந்தத் துளை...”

“தெரியும்க்கா.” அவள் நிமிரவில்லை. “கயிறு கோக்கறவ நான். பழைய துளைன்னா வழவழன்னு இருக்கும். இது கயித்தப் புடிச்சு இழுத்துச்சு. துளை புதுசு. பூச்சிதான் ரொம்பப் பழசு.”

கழுத்தில் அணியச் செதுக்கினால் அப்போதே துளை போட்டுவிடுவார்கள். இறந்தவர் வாய்க்குள் வைக்கிற சிள்வண்டுக்குத் துளை எதற்கு?

“தெரிஞ்சேவா புள்ள கழுத்துல போட்டிருக்க? கழட்டுடி.”

“அவ பேசறாக்கா.”

“பேசறது அவளா?”

பெய்லிங் போட்ட முடிச்சை அவிழ்த்தாள். பிறகு சொன்னாள்: “என்ன அம்மான்னு கூப்பிட்டுட்டா, அது என் பொண்ணு குரல். கூப்பிடாம வேற யாரையாவது தேடுச்சுன்னா, அது வேற யாரோ. அன்னிக்கு நானே கயித்த அறுத்துடறேன். அதுவரைக்கும் விடுங்கக்கா. நானா அழைச்சிட்டு வந்தவங்கள எப்படி வெளிய போன்னு சொல்றது?”

4

இதுவரை நடந்ததை எழுதிய பிறகு, கதைக்கு இன்னும் கொஞ்சம் நடுக்கம் வேண்டும் என்று தோன்றியது. ஒரு வரி புனைந்தேன். அம்மா ஊட்டும்போது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு [“வாயில எடமில்ல” என்கிறாள்]. படித்துப் பார்த்தேன். மிகையாக இருந்தது. அழித்தேன். யாரிடமும் காட்டவில்லை. காட்டினாலும் இந்தச் சந்தில் தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள்?

மறுநாள் காலை பெய்லிங் கஞ்சிக் கிண்ணத்தோடு படியேறி வந்தாள். “சாப்பிட மாட்டேங்கறாக்கா. கேட்டா, வாயில எடமில்லையாம்.”

தற்செயல் என்றுதான் நினைத்தேன். சோதித்துவிடலாம் என்று உலகத்திலேயே உபயோகமில்லாத ஒரு வாக்கியத்தை எழுதினேன்: “பூனை வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறது.” மத்தியானம் கீழே ஹான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “என்ன சொல்லுது பாரு உன் பொண்ணு! பூனை வெங்காயம் உரிக்குதாம்!” சந்தே சிரித்தது. நான் நோட்டை மூடி வைத்தேன்.

இறந்தவர் வாயில் கல்லை வைத்தது அவர் மறுபடி பேச வேண்டும் என்றா, இனிப் பேசவே கூடாது என்றா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தக் கல்லோடு வந்தவளுக்கு வாய் கிடைத்துவிட்டது. சொல் மட்டும் இல்லை. சொல் மாடியில் இருந்தது, என்னிடம்.

(வந்தவள் என்று எழுதிவிட்டேன். பெண் என்று எப்படித் தெரிந்தது எனக்கு?)

5

முடிவுகள்.

ஒன்று. பெய்லிங் கயிற்றை அறுக்கிறாள். தாவ்தாவ் மறுபடியும் [இதை முடிக்கமாட்டேன். முடித்தால் நடந்துவிடும்.]

இன்னொன்று. சிள்வண்டு போலி. அமிலத்தில் ஊறவைத்துப் பழசாக்கியது. குழந்தை தன் காலம் வந்ததால் பேசினாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. வெங்காயம் உரித்த பூனைதான் குறுக்கே நிற்கிறது.

அல்லது, நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

நிறுத்தித்தான் பார்த்தேன். கீழே குரலும் நின்றது. பெய்லிங் படியில் வந்து உட்கார்ந்தாள். “மறுபடி வாயே தொறக்க மாட்டேங்கறாக்கா. நான் என்ன தப்பு பண்ணேன்?” என்றாள். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன்.

“தாவ்தாவ், ‘அம்மா’ என்று கூப்பிட்டாள்.”

நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. யாரை என்று எழுதாமல் விட்டுவிட்டேன். தமிழில் அதை எழுதாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது.

6

இன்று மத்தியானம் நான் படியில் நிற்கிறேன். பெய்லிங் மேசையில் குனிந்து முடிச்சுப் போடுகிறாள். குழந்தை அவள் முதுகுக்குப் பின்னால். தாவ்தாவ் முக்காலியிலிருந்து இறங்குகிறாள். தலையைத் தூக்குகிறாள்.

“அம்மா.”

நேராக என்னைப் பார்த்து.

பெய்லிங்கின் கையிலிருந்து கயிறு விழுகிறது. மறு கையில் கத்தரிக்கோல். அவள் குழந்தை பக்கம் திரும்பவில்லை. திரும்பப் பயம். என்னை அண்ணாந்து பார்க்கிறாள், கண் நிறைய நீரோடு.

“கேட்டீங்களாக்கா? நீங்க மேலேர்ந்து பாத்தீங்கல்ல? என்னத்தானே கூப்பிட்டா? சொல்லுங்க. இல்லேன்னா இப்பவே அறுத்துடறேன்.”

ஆமாம் என்று எழுதினால், வந்தவள் என் சொற்களைத் தின்றுகொண்டு இந்தக் குழந்தைக்குள்ளேயே தங்கிவிடுவாள். இல்லை என்று எழுதினால், ஒரு தாய் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே சொல்லை அவள் காதிலிருந்து பிடுங்கியவள் ஆவேன். குழந்தையின் குரலும் அதோடு போய்விடும். என் கையால் எதை எழுதினாலும் நடக்கும். ஆகவே நான் எழுதப்போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன். பேனாவை எடுங்கள்.

“அக்கா, சொல்லுங்கக்கா!”

“[                              ]”

சீக்கிரம். தாவ்தாவ் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். உங்கள் பக்கம் திரும்புகிறாள்.