எருமைக்கொம்பு ரோட்டர்

சங்கையா பட்டாளத்திலிருந்து ஊருக்கு வந்தானே தவிர வீட்டுக்கு வந்து சேரவில்லை. மாரிக்கனி தன் புருஷனைப் பற்றி யாரிடமும் இப்படித்தான் சொல்வாள். உடம்பு வீட்டில் கிடக்கும், கண் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். கஞ்சி குடித்துக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கண்மாய்க்கரைக்குப் போவான், திரும்பி வருவான், மறுபடியும் கிளம்புவான். குட்டி போட்ட பூனைகூட அலுத்துப்போய் ஒரு நேரம் படுத்துவிடும். இவன் படுக்க மாட்டான். வடகிழக்கு மலையில், ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பாதாளமுமாக லாரி ஓட்டிய மனுஷனைத் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டில் கொண்டுவந்து உட்கார் என்றால் எப்படி உட்காருவான்? அது அவன் நியாயம். கல்யாணமான மறுமாசமே லீவு முடிந்தது என்று டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவனுக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தாளே, அவளுக்கு ஒரு நியாயம் உண்டா இல்லையா? அதை யார் கேட்டார்கள்!

பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் அவன் கால் நிற்கவில்லை. ஒருநாள் காணோம் என்று பார்த்தால் தூத்துக்குடியில் இருந்தான். இன்னொரு தடவை காணாமல் போய், தாடியும் மீசையுமாகப் பம்பாயிலிருந்து வந்து இறங்கினான். சொல்லிக்கொண்டு போகிற பழக்கம் கிடையாது. வேலிப்படல் கிறீச்சென்றால் மாரிக்கனி அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவருவாள். போகிறானா, வருகிறானா?

அப்படி இருந்தவன்தான் ஒருநாள் அந்தச் சனியனை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தான்.

பாளையம்பட்டிப் பக்கம் பருத்தி அரைக்கிற ஜின்னிங் மில் ஒன்று. உலக யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துவிட்ட லாரி ஒன்றை அந்த மில்காரர் ஏலத்தில் எடுத்திருந்தார். பஞ்சுப் பொதி ஏற்றத்தான் எடுத்தார். அது பெட்ரோலைக் குடித்த குடியில் பயந்துபோய் மில்லுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். பதினைந்து வருஷத்துக்கு மேல் கிடந்ததில் பின்தட்டைப் பிளந்துகொண்டு ஒரு உடைமரமே வளர்ந்துவிட்டது. சங்கையா ஒரு பருத்தி சீசன் முழுக்க அந்த மில்லுக்கு வேறு லாரி ஓட்டினான். கூலிக்குப் பதிலாக இதைக் கேட்டான். "எடுத்துட்டுப் போய்யா, எனக்கு எடமாச்சும் மிஞ்சும்" என்று மில்காரர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

மாடுகளைப் பூட்டி அதை ஊருக்குள் இழுத்துவந்தபோது ஊரே கூடிச் சிரித்தது. சக்கரத்தில் ரப்பர் இல்லை, கதவு இல்லை, முன்கண்ணாடி இல்லை. பச்சை பெயிண்டு எது, பாசி எது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏ மாரி, ஒம் புருசன் சக்களத்தியக் கூட்டிட்டு வந்துட்டாருடி. ஆரத்தி எடுக்கலையா?"

"எடுக்கத்தான் போறேன் மதினி, வெளக்கமாத்த!" என்றாள் மாரிக்கனி. உள்ளே போய் அழுதாள்.

ஆனால் பாருங்கள், ஒரு மாசம் போனது, இரண்டு மாசம் போனது. சங்கையா எங்கேயும் போகவில்லை. விடிந்தால் வண்டிக்கு அடியில் இருந்தான். மரத்தை வெட்டி எடுத்தான். துருப்பிடித்து இறுகிப்போன எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் ஊற்றி ஊறவைத்து, ஹேண்டிலைப் பிடித்து மயிரிழை மயிரிழையாக அசைத்தான். கழற்றிய நட்டு போல்ட்டையெல்லாம் அவளுடைய மண்சட்டிகளில் போட்டுவைத்தான். குழம்பு வைக்கச் சட்டி இல்லை என்று கத்தினாள்தான். ஆனால் கூப்பிட்டால் "ஏம் புள்ள?" என்று பதில் கொடுக்கிற தூரத்தில் புருஷன் இருந்தான். அவளுக்கு அது புதுசு. பிச்சையம்மாளிடம் சொல்லவில்லை, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

"இது சாதா லாரி இல்ல புள்ள. பின்சக்கரம் மாட்டிக்கிட்டா முன்சக்கரம் இழுத்துட்டுப் போயிரும். மழை பேஞ்ச கரிசல்ல மாடு மாட்டிக்கிடும், இது மாட்டாது" என்பான். அவள் தலையாட்டுவாள்.

அடுத்த வெயில் காலத்தில் எஞ்சின் ஒருநாள் இருமியது, புகையைக் கக்கியது, பிறகு ஓடியது. ஊரே காதைப் பொத்திக்கொண்டது. அன்றைக்குச் சாயங்காலம் சங்கையா எஞ்சின் மேலிருந்த வட்ட மூடி ஒன்றைத் திறந்து, உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு சின்னச் சாமானைப் பிடுங்கினான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தலையில் ஒரு பித்தளைத் தகடு.

"இதுக்குப் பேரு ரோட்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட பங்கு வச்சுக் குடுக்குறது இதுதான். பட்டாளத்துல வண்டிய நிப்பாட்டுனா இதக் கழட்டிப் பையில போட்டுக்கிடணும். எதிராளி வந்தாலும் வண்டிய எடுத்துட்டுப் போக முடியாது. இது இல்லன்னா வண்டி வெறும் பொணம். பத்திரமா வையி."

ஊரில் எந்த எதிராளி வரப்போகிறான்? ஆனாலும் பழக்கம் விடவில்லை. பொழுது சாய்ந்தால் ரோட்டரைக் கழற்றி மாரிக்கனி கையில் கொடுப்பான், விடிந்ததும் வாங்கிக்கொள்வான். தாலி கட்டியதற்குப் பிறகு அவன் நம்பிக் கொடுத்த பொருள் அது ஒன்றுதான். அவள் அடுப்படி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிச்சையம்மாள் ஒருநாள் வேலியோரம் வந்து நின்றாள். வாயைப் பார்த்தாலே செய்தி இருக்கிறது என்று தெரிந்தது.

"ஒனக்குத் தெரியாதா? குமுளி மலைக்கு லோடு அடிக்கப் போறாராமே. டீக்கடையில பேசிக்கிட்டாக. வண்டி கிளம்புனா இனிமே ஊருக்கு வாரது வருசத்துக்கு ஒருக்கத்தான்."

மாரிக்கனி அதற்கு மேல் நின்று கேட்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள். அவனிடம் கேட்கலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அன்றைக்கு முழுக்க அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. தண்ணிக்குப் போனவள் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் விடிந்ததும் சங்கையா கை நீட்டினான்.

"எங்க புள்ள ரோட்டரு?"

"மாடத்துலதான் வச்சேன் மச்சான். காணோம். எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

ரோட்டர் அவள் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது.

திட்டுவான், அடிக்கக்கூடச் செய்வான் என்றுதான் எதிர்பார்த்தாள். அவனோ நேரே கொல்லைப்பக்கம் போனான். கடப்பாரையை எடுத்தான். எலி வளையைத் தோண்டினான். அடுப்பை இடித்தான், மாடத்தைப் பெயர்த்தான், வீட்டுத் தரையையே உழுது போட்டான். எலிக்குஞ்சு கிடைத்தது, தொலைந்துபோன கரண்டி கிடைத்தது. ரோட்டர் எப்படிக் கிடைக்கும்! கடைசியில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்து, "ஒன்னச் சொல்லி என்ன செய்ய? நாந்தான் டப்பாவுல போட்டுக் குடுத்துருக்கணும்" என்றான். அதற்கு அவன் இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் வினை. மதுரைக்குப் போனான், விருதுநகருக்குப் போனான், பழைய இரும்புக்கடை ஒன்று பாக்கியில்லாமல் அலசினான். அந்த வகை வண்டிக்குச் சாமான் எங்கேயும் இல்லை. போனவன் அன்றைக்கே வருவான் என்பதற்கு என்ன உறுதி? எவனைப் போகவிடாமல் வைக்கப் பொய் சொன்னாளோ, அவன் அந்தப் பொய்யாலேயே பஸ் ஏறி ஏறிப் போனான். ஒவ்வொரு தடவையும் மாரிக்கனி பஸ் நிற்கிற மந்தைக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தாள். கொடுத்துவிடலாமா என்று சுருக்குப்பையைத் தொடுவாள். இத்தனை தோண்டிய பிறகு எந்த முகத்தோடு கொடுப்பது? வீட்டில் வைக்கவும் இடமில்லை, எல்லா மூலையும் தோண்டியாகிவிட்டது. படுத்தால் இடுப்பில் உறுத்தியது. புரண்டு படுத்தால் அங்கேயும் உறுத்தியது.

ஒருநாள் அருப்புக்கோட்டையிலிருந்து சிரித்த முகமாக வந்தான். அங்கே தறி போட்டிருக்கிற ரங்கராஜ் அவனுக்குப் பழக்கம். நூல் பொதி ஏற்றப் போய்ப் பழகியது. விஷயத்தைக் கேட்ட ரங்கராஜ், "பித்தளைத் தகட்டத் தாங்கிக்கிட கரண்டு பாயாத சாமான்தானே ஒமக்கு வேணும்? கொம்புல பாயுமா?" என்றாராம். வீட்டுக்குள் பார்த்து, அந்தத் தறிக்காரர்களின் வீட்டுப் பேச்சான கன்னடத்தில் ஏதோ சொல்ல, அவர் சம்சாரம் சௌடம்மாள் பரணிலிருந்து ஒரு பழைய நாடாவை எடுத்துக் கொடுத்தாளாம். தறியில் ஊடைநூலைச் சுமந்துகொண்டு இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுகிற நாடா. அந்தக் காலத்தில் எருமைக்கொம்பில் செய்தது.

சங்கையா அரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்தக் கொம்பை ராவி, துளை போட்டு, பித்தளைத் தகடு பதித்து, மாட்டிப் பார்த்து, மறுபடியும் ராவினான். எதிரே உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்த மாரிக்கனியின் இடுப்பில் அசல் ரோட்டர் இருந்தது. அவன் விரல் நகமெல்லாம் தேய்ந்துபோனதைப் பார்த்தாள். அடிப்பாவி, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் கொடுக்கவில்லை.

கொம்பு வேலை செய்தது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை வண்டியைக் கருப்பசாமி கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இப்போது அதற்கு டயர் இருந்தது, பெயிண்டு இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக மாரிக்கனியும் நின்றாள். இதோ போகப்போகிறான். சங்கையா வண்டிக்குள் டிரைவர் சீட்டுக்கு இடதுபக்கம் போர்த்தியிருந்த சாக்கை எடுத்தான். நேற்றுவரை வெறும் தகரமாக இருந்த இடத்தில் ஒரு சீட்டு இருந்தது. பலகை போட்டு, கழிவுப் பஞ்சு அடைத்து, சிவப்புத் துணி தைத்திருந்தான்.

"ஏறு புள்ள."

"நானா?"

"பெறகு, பிச்சையம்மாளா?"

ஊர் சிரித்தது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது, வண்டி கிளம்பியது.

அடேயப்பா, அந்தக் காற்று! அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நடைதான், எப்போதாவது நெரிசலில் நசுங்கிக்கொண்டு டவுன் பஸ். இப்படி உயரத்தில் உட்கார்ந்து, உடைமரமும் பனையும் பின்னால் ஓட, ரோடு முழுக்க முன்னால் விரிந்து கிடக்க அவள் எதையும் பார்த்ததில்லை. சங்கையா ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சத்தமாகப் பேசினான்.

"குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துல கூப்புட்டுருக்காக. மலையில ஏற இந்த மாதிரி வண்டிதான் வேணுமாம். குடியிருக்க வீடு தாராக. நீயும் வாரியா?"

"இத எப்பக் கேக்குறீக!"

"முன்னாலயே கேக்கப் பயமாருந்துச்சு. நீ வரலன்னுட்டா நான் என்ன செய்ய? போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. மொதல்ல சீட்டப் போட்டுட்டுக் கேப்போம்னு விட்டேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் வண்டி இருமியது. இன்னொரு தடவை இருமி, குலுங்கி, நின்றுபோனது. மயிர் கருகிய நாற்றம் வந்தது. சங்கையா இறங்கி மூடியைத் திறந்து பார்த்தான். சூட்டில் எருமைக்கொம்பு பொசுங்கி இரண்டாக விண்டிருந்தது.

நாலாபக்கமும் வெறும் பொட்டல். அவன் ரோட்டோரம் போய் உட்கார்ந்தான். இனி எழுந்திருக்கவே மாட்டேன் என்பதுபோல அவன் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"முடிஞ்சு போச்சு புள்ள. மாடு கொண்டாந்து வீட்டுக்கு இழுத்துற வேண்டியதுதான். நான் இனிமே எங்கயும் போகல. ஒனக்கும் நிம்மதி."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், காலத்துக்கும் புருஷன் வீட்டில் கிடப்பான். மாரிக்கனி திரும்பிப் பார்த்தாள். ஊர்க் கண்மாய்க்கரை ஒரு கோடாகத் தெரிந்தது. அங்கே திரும்பிப்போய் மறுபடியும் அடைந்து கிடக்க வேண்டுமே என்று இருந்தது. முன்னால் ரோடு போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சிவப்புச் சீட்டில் அவளால் ஒரு நிமிஷம்கூட இருக்க முடியவில்லை. இத்தனை வருஷம் அந்த மனுஷனைக் குடைந்தது இதுதானா என்று நினைத்துக்கொண்டு இறங்கினாள்.

சுருக்குப்பையை அவிழ்த்தாள்.  ரோட்டரை அவன் முன்னால் நீட்டினாள்.

சங்கையா அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"எலி?"

"நாந்தான் அந்த எலி. நீங்க போயிருவீகன்னு பயந்து செஞ்சேன்."

"வீட்ட இடிச்சேனேடி! பாவி, என் வீட்ட நானே இடிச்சேனே!"

ரோட்டரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அருப்புக்கோட்டைப் பக்கமாக விறுவிறுவென்று நடந்தான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன உரிமை இருக்கிறது? தூரத்தில் ஒரு பனைமரத்தடியில் நின்றான். வெகுநேரம் நின்றான். பிறகு போனதைவிட மெதுவாகத் திரும்பி வந்தான். ரோட்டரை வேட்டியில் துடைத்து மாட்டி, மூடியைப் போட்டான்.

"பொழுது சாஞ்சா இத யாருகிட்டக் குடுக்க?" என்றான், அவளைப் பார்க்காமல்.

"பக்கத்துல நான் இருந்தா எங்கிட்டக் குடுங்க. இல்லன்னா நீங்களே வச்சுக்கங்க."

 முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்து, விண்டுபோன கொம்பை அவள் மடியில் போட்டான்.

"இந்தா, பத்திரமா வையி. எலி வராமப் பாத்துக்க."

மாரிக்கனி அதைச் சுருக்குப்பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள். சங்கையா வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பவில்லை. அவளும் திருப்பச் சொல்லவில்லை.