மூன்றாவது அடி

எங்கள் குழுவில் எனக்குப் பெயர் சட்டம். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாளில் எழுதிய வீரர்களை வைத்துக்கொண்டு, பகடை உருட்டி அரக்கர்களோடு சண்டை போடுகிறோம். இந்த வயதில் இது தேவையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. விளையாட்டை நடத்துபவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவரை லிஃப்ட் என்றே கூப்பிடுவோம், மேசையும் அவர் வீட்டு மேசைதான். முந்நூறு பக்க விதிப்புத்தகத்தை முழுசாகப் படித்தவள் நான் ஒருத்திதான். சண்டைக்கு நடுவில் சந்தேகம் வந்தால் எல்லோரும் என் பக்கம் திரும்பி, "சட்டம் என்ன சொல்லுது?" என்பார்கள். வாரம் முழுக்க மருந்துக்கடையில் நின்று கால் கடுத்துப்போகிறவளுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

என் தங்கச்சிக்கு இந்த ஊர் சலூன் ஒன்றில் வேலை கிடைத்து, என் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. லீவு நாளில் தனியாக இருப்பாளே என்று கூட்டிக்கொண்டு போனேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அவளுக்கு விதி ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கதவைத் திறக்கிறாள் என்றால் கிரீச்சென்று வாயாலேயே சத்தம் கொடுத்துத் திறப்பாள். செத்துப்போன எதிரிக்கு ஒரு பெயர் வைத்து அவனுக்காகத் துக்கம் கொண்டாடுவாள். எங்கள் குழுவில் ஒரு பல் டாக்டர் உண்டு. மூன்று வருடத்தில் என் ஜோக் ஒன்றுக்குக்கூட உதட்டைப் பிரிக்காத அவர், அவள் பேச்சைக் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். சந்தேகம் வந்தாலும் இப்போதெல்லாம் யாரும் என் பக்கம் திரும்புவதில்லை. "தங்கச்சி சொல்ற மாதிரியே வச்சுக்குவோமே, நல்லாருக்கு" என்பார் லிஃப்ட். நல்லாருக்காம்! அப்புறம் எதற்கு முந்நூறு பக்கம்?

பொறாமைதான். ஒத்துக்கொள்கிறேன். வயிறு எரிந்தது. சின்ன வயதிலும் இப்படித்தான். நான் பரீட்சையில் முதலாவதாக வந்த அன்று, வீட்டில் எல்லோரும் அவள் விழுந்த பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டில் அவள் ஒரு வேடுவச்சி. நான் இரும்புக்காரி, முன்வரிசையில் நின்று வாள் வீசுகிறவள். மூன்று வருடம் பொத்திப் பொத்தி வளர்த்தவள். எங்கள் மேசையில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. செத்தவர் திரும்பி வரக்கூடாது, தாளை அங்கேயே இரண்டாகக் கிழித்துவிட வேண்டும். கற்ற திறனைப் பேனாவால் எழுத வேண்டும், எழுதினால் எழுதியதுதான்.

போன மாதக் கடைசியில் எல்லோரும் ஒரு படி ஏறினோம். வேடர், வீரர் என்று அவரவருக்கு இருக்கும் வகுப்போடு இன்னொரு வகுப்பையும் சேர்த்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு சண்டைத் திறன் எடுக்கலாம் என்றார் லிஃப்ட். அடுத்த ஞாயிறு பாலத்தில் பெரிய சண்டை இருக்கிறது என்றும் எச்சரித்தார்.

அந்தப் புதன்கிழமை கடைக்கு ஒரு அம்மா இரண்டு சீட்டோடு வந்தார். இரண்டு டாக்டர் எழுதியது. மருந்தின் பெயர் வேறு வேறு, உள்ளே இருப்பது ஒன்றே. "அம்மா, ரெண்டும் ஒரே மாத்திரைதான். ரெண்டையும் சேத்துப் போட்டுராதீங்க" என்று சொல்லி, டாக்டருக்கு நானே போன் போட்டுக் கேட்டு, ஒரு பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், தங்கச்சி சமையலறை மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் வீரர் வகுப்பைச் சேத்துக்கறேன். மறுவீச்சு எடுக்கவா, கேடயக் காவல் எடுக்கவா?"

"உனக்கு எது பிடிச்சிருக்கு?"

"கேடயக் காவல்னா, பக்கத்துல நிக்கிறவங்க மேல விழுற அடிய நான் வாங்கிக்கலாம். இரும்புக்காரிதான் எப்பப் பாத்தாலும் முன்னாடி போய் மொத்து வாங்குறாளே, அவ பக்கத்துலயே நிப்பேன். ஆனா மறுவீச்சுன்னா இன்னொரு அடி. எனக்கு ஏற்கெனவே இரட்டை அம்பு இருக்கு. அப்ப ஒரே முறையில மூணு அடி! சரிதானேக்கா?"

சரியில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், அடிக்குறிப்பு: இரட்டை அம்பும் மறுவீச்சும் பெயர்தான் வேறு, பலன் ஒன்று. இரண்டும் இருந்தாலும் இரண்டு அடிதான். மத்தியானம் பார்த்த அதே இரண்டு சீட்டு.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள், அவள் கேடயத்தோடு என் முன்னால் பாய்வதும், லிஃப்ட் எழுந்து நின்று கைதட்டுவதும் கண் முன்னால் வந்துவிட்டது. என்னை இவள் காப்பாற்றுவதா? அதையும் நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

"மறுவீச்சே எடு" என்றேன்.

"மூணு அடி வரும்ல?"

"ம்."

"நீயே எழுதிக் குடுக்கா. உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்."

பேனாவை எடுத்து முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் ஒரு அரக்கன் வழிமறித்தான். நான் வழக்கம்போல முன்னால் போய் மாட்டிக்கொண்டேன். எனக்கு மூன்றே மூன்று உயிர்ப்புள்ளி மிச்சம், அடுத்த அடி விழுந்தால் சாவுதான். அரக்கன் கதாயுதத்தை ஓங்கிவிட்டான். அவன் முறை வருவதற்குள் தங்கச்சியின் முறை. முதல் அம்பு பட்டது. இரண்டாவதும் பட்டது. அரக்கன் தள்ளாடினான், ஆனால் விழவில்லை. இன்னும் ஒரு அடி விழுந்தால் போதும்.

"மூணாவது அடி!" என்று பகடையை உருட்டினாள். இருபது விழுந்தது. இருபது முகம் கொண்ட எங்கள் பகடையில் அதற்கு மேல் எண்ணே கிடையாது. பல் டாக்டர் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்.

லிஃப்ட் மட்டும் நெற்றியைச் சொறிந்தார். "ஒரு நிமிஷம். இரட்டை அம்பும் மறுவீச்சும் ஒண்ணோட ஒண்ணு சேருமா?" மெதுவாக என் பக்கம் திரும்பினார். "சட்டம் என்ன சொல்லுது?"

இரண்டு மாதமாக ஏங்கிக் கிடந்த கேள்வி. எல்லோரும் என்னையே பார்த்தார்கள், தங்கச்சியும்தான். சேரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் இரும்புக்காரி பிழைப்பாள். யாரும் புத்தகத்தைப் புரட்டப்போவதில்லை. ஆனால் தங்கச்சியால் பிழைத்தவள் என்றாகிவிடும். இந்த மேசையில் எனக்கென்று இருந்த ஒரே கேள்விக்கும் பொய்யைப் பதிலாகச் சொல்லியாக வேண்டும்.

"சேராது" என்றேன்.

கதாயுதம் இறங்கியது. இரும்புக்காரி செத்தாள்.

பல் டாக்டர் தங்கச்சியின் தாளை இழுத்துப் பார்த்தார். "இது உன் கையெழுத்துல்ல? தெரிஞ்சும் ஏன் எழுதிக் குடுத்தே?"

தங்கச்சி முந்திக்கொண்டாள். "அக்கா அப்பவே சேராதுன்னு சொன்னா. நான்தான் அடம்பிடிச்சு எழுத வச்சேன்."

"சொல்பேச்சு கேட்டா என்ன உனக்கு?" என்று லிஃப்ட் அவளைக் கடிந்துகொண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் இரும்புக்காரியின் தாளை இரண்டாகக் கிழித்தேன். முதல் இழுப்பில் கிழியவில்லை, அவ்வளவு இடத்தில் ஒட்டுப் போட்டு வைத்திருந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, தெருமுனை வரைக்கும் தாங்கினேன். அப்புறம் என்னால் முடியவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டி. வேணும்னேதான் எழுதிக் குடுத்தேன்."

"தெரியும்" என்றாள். "மறுநாளே உன் புத்தகத்தை எடுத்துப் படிச்சேன். நூத்திப் பன்னண்டாம் பக்கத்துல நீ சிவப்புல கோடு போட்டு வச்சிருக்க. பேனாவுல எழுதியாச்சு, என்ன பண்றதுன்னு விட்டுட்டேன்."

வெட்கப்பட வேண்டிய நேரம். எனக்கோ முதலில், இவள் புத்தகத்தையும் படித்துவிட்டாளா என்றுதான் சுருக்கென்றது. அதுவும் இனி என்னுடையது மட்டும் இல்லை. அதற்குப் பிறகுதான் பாலம் ஞாபகத்துக்கு வந்தது.

"சேராதுன்னு தெரிஞ்சும் எதுக்குடி மூணாவது தடவை உருட்டினே?"

அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"நீ செத்துருவியேன்னுதான். யாராவது கேட்டா, நீ சேரும்னு சொல்லிருவேன்னு நினைச்சேன்க்கா."